மாஸ்க்குக்குள் ஒரு கல்

எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் கட்டு சிஸ்டர். தட்டின் வளைவில் மூக்கு பாதி முகத்தை அடைத்துக்கொண்டு தெரிகிறது. இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கல். கல்லைச் சுற்றிச் சிவப்பு. அந்த அறையில் கண்ணாடி கிடையாது. முன்பு இருந்தது. தன் புண்ணை அதில் பார்த்து ஒருவர் மயங்கி விழுந்ததும், "இது இருக்கற வரைக்கும் எனக்கு ரெட்டை வேலை" என்று அவளேதான் ஆணியோடு கழற்றிக் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சு கிரீச்சிடுகிறது. மாஸ்க் மேலே ஏறுகிறது. தட்டு கழுவுதொட்டிக்குப் போக, வேறு தட்டு வருகிறது. கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொள்கிறாள். "வாங்க, யாரு அடுத்தது?"

கட்டுப் போடுவதைத் தவிர அவள் வேறு வேலை பார்த்ததில்லை. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மாடியில் பிரசவம், வாசலருகே ஊசி, நடுவில் இவள் அறை. சமையலில் சுட்டுக்கொண்ட கை, தையல் பிரிக்க வேண்டிய வயிறு, சர்க்கரையால் ஆறாத கால், எல்லாம் இங்கேதான் வரும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆள் குட்டை, கட்டிலருகே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை. பிளாஸ்திரியைப் பிய்க்கும் நொடியில் எதையாவது கேட்பாள். "உங்க வீட்டு வாசக்கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?" ஆள் யோசித்து முடிப்பதற்குள் பிளாஸ்திரி அவள் கையில் இருக்கும். எட்டி எட்டிப் பார்ப்பவர்களை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. "நான் பாத்துக்கறேன், நீங்க பாக்காதீங்க" என்பாள். ஒரு நாளில் இதை எத்தனை தடவை சொல்கிறாளோ, வீட்டில் கணவர் சமைக்கும் நாளில் அவள் போய்ச் சட்டி மூடியைத் திறந்தால், கரண்டியை நீட்டி அவர் இதையே திருப்பிச் சொல்வாராம். சோபாவுக்கு மெத்தை கட்டுகிறவர். வாயில் ஆணி இல்லாத நேரமெல்லாம் ஏதாவது கேலி இருக்கும்.

மூக்கு குத்திக்கொண்டது அவள் திட்டமே இல்லை. அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூக்கு குத்திக்கொள்ள ஆசைப்பட்டாள். "நீங்க கூட வந்தா எனக்குப் பயமிருக்காது அத்தை" என்று இழுத்துக்கொண்டு போனாள். கடைவீதி மாடியில், செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு அடுத்த கதவு. முழங்கை வரை படம் குத்திக்கொண்ட ஓர் இளைஞன் கையுறை மாட்டி, மூக்கில் மையால் புள்ளி வைத்து, ஊசி உறையைக் கிழித்தான். காகிதம் கிழிந்த சத்தத்தோடு அண்ணன் மகள் எழுந்தாள். அடுத்த சத்தம் படிக்கட்டில் கேட்டது.

பிரித்த ஊசியை என்ன செய்வீர்கள் என்று அத்தை கேட்டாள். தூக்கித்தான் போட வேண்டும் என்றான் அவன். அவளுக்கு அது தாங்கவில்லை. ஒன்றுக்கும் ஆகாமல் ஒரு சுத்தமான ஊசி குப்பைக்குப் போவதை அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சகித்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "பிரிச்ச ஊசி வீணாப் போகக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்." கேட்பவர்களுக்கெல்லாம் இதுதான் பதில். அண்ணன் மகள் வேறு மாதிரிச் சொல்கிறாள்: "என் மூக்கை அத்தை எடுத்துக்கிட்டாங்க."

காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், திருகாதீர்கள், தொடாதீர்கள், மற்றபடி மூக்கு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள் என்று அந்த இளைஞன் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். புண்ணைப் பற்றித் தனக்கே பாடமா என்று சிரிப்புகூட வந்தது.

மறுநாளிலிருந்து மூக்குக்கு ராஜ கவனிப்பு. காலையில் ஸ்பிரிட். மதியம், கல்லின் ஓரத்தில் படிந்த பொருக்கைத் தையல் பிரிக்கும் மெல்லிய இடுக்கியால் துளித்துளியாக எடுத்தாள். சாயங்காலம் களிம்பு. தண்டு சதையோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்படி ஒரு திருகு, இப்படி ஒரு திருகு. மாஸ்க் உரசுமே என்று நகத்தளவு துணி வெட்டி வைத்து மேலே பிளாஸ்திரி. அறைக்கு வரும் எந்தப் புண்ணுக்கும் அவள் குறை வைத்ததில்லை, அந்தப் புண்களும் அவளைக் கைவிட்டதில்லை. இது கைவிட்டது. சிவந்தது, கசிந்தது, கல்லுக்குப் பக்கத்தில் கடுகளவு சதை முளைத்தது. சதையைக் கண்டதும் ஸ்பிரிட் இரண்டு வேளையாயிற்று.

அங்கே வருகிற புண்கள் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அடுத்த முறை கட்டுப் பிரிக்கும்வரை அவள் கை அவற்றுக்கு எட்டாது. இது அவளோடேயே வீட்டுக்கு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கூடவே உட்கார்ந்தது. சாப்பிடும்போது தட்டுக்கு மேலே இருந்தது. கை சும்மா இருக்கும் நேரமெல்லாம் அங்கே போய் நின்றது. "உன் மூக்குக்கு ஒரு நாளாவது லீவு குடேன்" என்று கணவர் சொல்லிப் பார்த்தார்.

மாடிக் கடைக்கு மறுபடி போனாள். என்ன போட்டீர்கள் என்று இளைஞன் கேட்டான். அவள் வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் தொங்கியது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னான். பிறகு, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றான். "துணிக்கடை" என்றாள் அவள், யோசிக்காமலே.

"நல்லவேளைங்க. இந்த நர்ஸுங்க வந்தாத்தான் எனக்குப் பெரிய பாடு. சும்மா விடவே மாட்டாங்க."

அப்படியும் அவள் நிறுத்தவில்லை. ஸ்பிரிட்டை மட்டும் விட்டாள்; விரலை விடவில்லை.

கட்டுப் போட்டுக்கொள்ள வழக்கமாக வருகிறவர்களில் ஒருவர் பஸ் ஓட்டுகிறவர். வலது காலில் புண். பிரேக் மிதிக்கும் கால். ஆறிவிட்டதா என்று வீட்டில் கட்டைப் பிரித்துப் பார்ப்பதும், பார்த்ததைக் கோணல்மாணலாகத் திரும்பச் சுற்றிக்கொண்டு வருவதும், அவளிடம் மாட்டிக்கொள்வதும் அவர் வழக்கம். சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டுவாள். ஒரு நாள் அவர் காலைக் கழுவிவிட்டுப் பஞ்சை நனைக்கும்போது அவள் கை, கையுறையோடு, மாஸ்க்கின் ஓரத்துக்குப் போயிற்று.

"சிஸ்டர், கை" என்றார் பஸ்காரர்.

அவள் கை அங்கேயே நின்றது.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க? நானும் பாக்கறேன், அடிக்கடி போயி விசாரிச்சுட்டு வர்றீங்க. என்னையத் திட்டறீங்கல்ல."

அவள் கையுறையை உரித்துப் போட்டாள், கையைக் கழுவினாள், புதிது மாட்டிக்கொண்டு வந்து கட்டினாள். அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கசிகிற மூக்கைத் தொட்ட விரல் அடுத்து அந்தக் காலைத் தொட்டிருக்கும். இன்றைக்கு அவர் பார்த்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தவர்கள் எத்தனை பேரோ.

அன்று வேலை முடிந்ததும் யாரும் கூப்பிடாமல் அவளே பெரிய சிஸ்டரின் அறைக்குப் போய் மாஸ்க்கை இறக்கிக் காட்டினாள்.

இருவரும் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவர்கள். ஒருத்தி மேலதிகாரி ஆனபிறகும் "டீ" போட்டுத்தான் பேச்சு. இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பாள் என்றுதான் எதிர்பார்த்தாள். பெரிய சிஸ்டர் அதைக் கேட்கவில்லை. டார்ச்சு அடித்து மூக்குக்குள்ளும் வெளியிலும் பார்த்தாள். கசிகிற மூக்கோடு புண்கள் பக்கத்தில் உன்னை விட முடியாது என்றாள். அது உனக்கே தெரியும் என்றாள். கல்லை வைத்துக்கொள்வதென்றால், முழுக்க ஆறும்வரை, வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுக்கும் டோக்கன் மேசை. அது மாதக்கணக்கில் ஆகும். இல்லாவிட்டால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது.

"கழட்டிடுடி. ஒரே வாரத்துல தூந்துரும். யாருக்கும் தெரியாது."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவள் எழுந்தாள். கழற்றிவிடுவாள் என்பதில் பெரிய சிஸ்டருக்குச் சந்தேகமில்லை. ஊசி போடுகிற பெண்ணுக்கும் இல்லை. கட்டு அறையை விட்டு அவள் வேறெங்காவது உட்கார்ந்து யாரும் பார்த்ததே கிடையாது. காய்ச்சலோடு வந்துகூட அந்தப் பலகைமேல் ஏறி நின்றிருக்கிறாள்.

வீட்டில் கணவர் ஒரு நாற்காலியின் வயிற்றைப் பிளந்து பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், கழற்றுவதென்றால் குறடு தயார் என்று வாயில் ஆணியோடேயே சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மாதம் போல அவளிடம் வயிற்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர் ஒருவர், பிறகொரு நாள் கடைவீதியில் அவளை நிறுத்தி, தபால் ஆபீசுக்கு எப்படிப் போவது என்று கேட்டாராம். வழி சொன்னாளாம். அவர் வயிற்றில் எந்தத் தையல் கடைசியில் ஆறியது என்பதுவரை அவளுக்குத் தெரியும். அவருக்கு அவள் முகம் தெரியவில்லை. தப்பு அவர்மேல் இல்லை. தலையில் தொப்பி, வாயில் மாஸ்க். மோதிரம் கூடாது, வளையல் கூடாது, வாட்ச் கூடாது. அவர் பார்த்ததெல்லாம் இரண்டு கண். அதுவும் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த கண்.

"அந்தக் கடையில குத்தி முடிச்சதும் கண்ணாடியக் கையில குடுத்தான். பாத்தேன். நல்லா இருந்துச்சு" என்றாள். "வேலைல இருக்கும்போது மாஸ்க்குக்குள்ள அது இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

கணவர் எழுந்து போய் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்தார்.

மறுநாள் காலை, டோக்கன் மேசைக்குப் போகிறேன் என்றாள். பெரிய சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "பைத்தியமாடி உனக்கு? ஒரு கல்லுக்காகவா?"

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே," என்றாள் அவள். "அதுக்காக."

டோக்கன் மேசை கட்டு அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே மாஸ்க் தேவையில்லை. தொப்பியும் இல்லை. முன்தலையில் நரை இருப்பது ஆஸ்பத்திரிக்கே இப்போதுதான் தெரிகிறது. இத்தனை காலம் வந்துபோனவர்கள் அவளிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு, புதிதாக வந்த அம்மாள் என்று நினைத்து நகர்கிறார்கள். அவள் வாயைத் திறந்ததும் திரும்பிப் பார்க்கிறார்கள். காலையும் மாலையும் உப்புத் தண்ணீர், அத்தோடு சரி. துணியில்லை, பிளாஸ்திரி இல்லை, களிம்பு இல்லை. சதை அடங்க ஆரம்பித்திருக்கிறது. சில நாள் மறுபடி சிவக்கிறது. அரிப்பு எடுக்கும் நேரத்தில் அவள் டோக்கன்களைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்குகிறாள்.

பஸ்காரரும் அப்படித்தான் ஏமாந்தார். டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனவர், "கால மடக்காம நீட்டி உக்காருங்க" என்ற குரலைக் கேட்டு நின்றார். திரும்பி வந்து முகத்தை நன்றாகப் பார்த்தார். பார்வை மூக்கில் வந்து நின்றது.

"ஓ. இதுதானா அது."

"இதுதான்."

"அழகாத்தான் இருக்கு" என்றார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளே கட்டுகிறது சின்னப் பெண்ணாமே, பழக்கம் இருக்காதே, நீங்கள் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்றார். இந்தப் புண்ணால்தான் வண்டி எடுக்க விடாமல் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றார். அவருக்குப் பயம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் நன்றாகப் படித்தவள், பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி அனுப்பினாள். சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. கத்தரிக்கோல் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் பல்லிடுக்கில் மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு ஏதோ கை தவறியது. கட்டுத்துணிச் சுருள் ஒன்று கதவிடுக்கில் வெளியே வந்து, தன்னைத் தானே பிரித்துக்கொண்டே தரையில் ஓடி, டோக்கன் மேசையின் காலில் முட்டி நின்றது.

அவள் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். உள்ளே புதுப் பெண்ணின் குரல் மன்னிப்புக் கேட்டது. "பரவால்லம்மா," என்றார் பஸ்காரர், "மெதுவாவே கட்டு."

அவள் திரும்ப உட்கார்ந்தாள். உட்காருமுன் இரண்டு உள்ளங்கைகளையும் நாற்காலிப் பலகைமேல் விரித்து வைத்து, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள். மேசைக்கு முன்னால், கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்று டோக்கன் கேட்டாள்.

"மேல இருக்கறத நீங்களே எடுத்துக்குங்கம்மா" என்றாள் அவள், கையை எடுக்காமல்.