என் மனைவியின் வயிற்றில் இருந்த கட்டி

எங்கள் ஒரே மகன் றூபன் பனிச்சங்கேணி வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தபோது ஷெல் குண்டு விழுந்து இறந்தான். அடுத்து வந்த மாரிகாலத்தில் என் மனைவி மேரிக்கு வயிற்றுவலி தொடங்கியது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. உடம்பு உருகிப்போனது. தொப்புளுக்கு மேலே கை வைத்தால் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பண்ணிய டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். புற்றுநோயாக இருக்கலாம், தெளிவாகப் பார்க்கும் சீ.ரீ. ஸ்கேன் இங்கே இல்லை, கண்டிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

மேரியிடம் மறைக்க முடியவில்லை. அவள் அழவில்லை.

"என்னைக் கொண்டு அலையாதீங்க. நான் றூபனிட்டப் போறன்."

அந்தச் சொல்தான் என்னை உடைத்தது. எங்கள் சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். மேரி மட்டும் ஜெபிக்க மறுத்துவிட்டாள். "ஆண்டவரே, கட்டியை எடுத்துப்போடும். இவளுக்கு உயிர்வாழும் ஆசையையும் தாரும்" என்று நான் கேட்டேன்.

சண்டையால் மூடியிருந்த பாதை திறந்ததும் புறப்பட்டோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவளைத் தாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன்.

கண்டியில், தமிழ் தெரிந்த டொக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"குடலைத் தாங்கிற கொழுப்புச் சவ்வுதான் அழற்சியால வீங்கியிருக்கு. இரத்தக் குழாயளைச் சுத்தி இந்தக் கறுப்பு வளையம் தெரியுதா? இது புற்று மாதிரி இல்ல. மிச்சம் அரிதா ஆக்களுக்கு வாற வருத்தம்."

ஊசியால் சிறு துண்டு எடுத்தும் பார்த்தார்கள். புற்று இல்லை. மருந்தால் மாற்றலாம் என்றார்கள்.

நான் அங்கேயே முழங்காலில் விழுந்தேன். மேரி சுவரைப் பார்த்தபடி கேட்டாள்:

"அப்ப நான் இன்னும் இருக்கவேணுமா?"

ஆண்டவர் என் ஜெபத்தில் பாதியைத்தான் கேட்டார் என்று நினைத்து அழுதேன்.

வீட்டில் மருந்துக் குளிசைகளை நானே கொடுத்தேன். காய்ச்சல் நின்றது. கட்டி மெல்லக் கரைந்தது. அவளோ பாயிலேயே கிடந்தாள். நான் ஜெபத்தை விடவில்லை.

மாதங்கள் போயின. ஒருநாள் காலை, அடுத்த வளவில் ஒப்பாரி கேட்டது. அந்த வீட்டுப் பிள்ளையும் சண்டையில் போய்விட்டான். மேரி எழுந்தாள். தலைமயிரை அள்ளி முடிந்தாள்.

"மேரி, எங்க புள்ள போறாய்?"

"அவன்ட தாயிட்ட. பச்சத் தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்டாள். எனக்குத் தெரியும்."

கண்டிக்குப் போய் வந்த பிறகு அவள் வாசல் படலையைத் தாண்டியது அன்றுதான். அதன்பின் எங்கள் பக்கத்தில் பிள்ளையை இழந்த எந்தத் தாயையும் அவள் தனியே விட்டதில்லை.

எங்கள் துக்கம் தீரவில்லை. றூபனின் பெயரைச் சொன்னால் இன்றும் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆனாலும் இருக்கிறாள். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அன்பானவர்களே, பாதிப் பதிலோடு ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். மற்றப் பாதிக்காக எவ்வளவு காலமானாலும் நம்பிக் காத்திருங்கள்.