நடுத்தட்டில் ஓர் ஐஸ்கிறீம் பெட்டி

எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் நடுத்தட்டில், முன்பக்கமாக, ஒரு சின்ன ஐஸ்கிறீம் பெட்டி இருக்கிறது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு தரமாவது அதைத் திறந்து பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். அதற்குள் ஒருநாளும் ஐஸ்கிறீம் இருந்ததில்லை. என் மனைவியின் இன்சுலின் போத்தல்கள்தான் இருந்தன. இப்போது அவையும் இல்லை. பெட்டியை எடுத்துவிட்டால் ஒரு பால் பக்கற் வைக்கலாம் என்று மகள் தொலைபேசியில் சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். நான் எடுக்கவில்லை.

மன்னாரில் உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. நாங்கள் பிரிட்ஜ் வாங்கி வந்த அன்றே, அதைச் சுவரோடு ஒட்டாமல் கையை விட்டுத் துடைக்கக்கூடிய இடைவெளி விட்டு, கால்களுக்குக் கீழே பலகை போட்டு நிறுத்தியவள் அவள். கடைக்காரன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நீரிழிவு வந்த பிறகு அந்தக் கவனம் இன்னும் கூடியது. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற போத்தல்கள் அடுத்த கிளினிக் வரைக்கும் கெடாமல் இருக்க வேண்டும். மேலே வைத்தால் உறைந்துவிடும், கதவில் வைத்தால் திறக்கும் நேரமெல்லாம் சூடேறும். அதனால்தான் அந்த நடுத்தட்டு. பின்புறக் கம்பிகளில் படியும் மணலையும் தூசியையும் பழைய தூரிகையால் தட்டுவாள். கதவின் றப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைப்பாள். பிறகு கலண்டரில் கிழித்த தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்ப்பாள். தாள் இறுகிப் பிடித்திருந்தால் அவளுடைய முகத்தில் ஒரு திருப்தி வரும். எனக்குச் சமைத்துப் போட்டு நான் நல்லாயிருக்கு என்று சொன்னபோதுகூட அந்தத் திருப்தியை நான் கண்டதில்லை.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகுமுன் பிரிட்ஜ் முழுதாக ஓய்வெடுக்கும். மின்சாரத்தை நிறுத்தி, ஐஸ் தானாகக் கரையும்வரை காத்திருந்து, உலரத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி என் பழைய செருப்பு ஒன்றை இடுக்கில் வைத்துவிட்டுத்தான் அவள் வாகனத்தில் ஏறுவாள். மருந்துப் போத்தல்கள் ஈரத்துணி சுற்றிய சிறு மண்முட்டிக்குள் இருந்து, அவளுடைய மடியில் மாதாவிடம் வரும்.

நான் வவுனியாவுக்கு பஸ் ஓட்டியவன். பின்னேரம் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்ததும் என் முதல் வேலை பிரிட்ஜைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டுவது. அந்த வெக்கைக்கு அதைப்போல சுகம் வேறில்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டே அவள் குரல் கொடுப்பாள்.

“இஞ்சருங்கோ, அது பிரிட்ஜ், யன்னல் இல்லை. என்ன வேணுமெண்டு யோசிச்சுப் போட்டுத் திறவுங்கோ.”

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்; எங்கள் இருவருக்கும் மூத்தவர். ஹஜ்ஜுப் பெருநாளில் சொந்தக்காரர் கொடுத்தனுப்பும் இறைச்சிப் பங்குகளும் சேர்ந்து அவருடைய பிரிட்ஜ் நிறைந்துவிட்டால், மிச்ச இறைச்சி எங்கள் வீட்டுக்கு வரும். நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் சாமான் அங்கே போகும். முதல் தடவை ராத்தா இறைச்சியைக் கொடுத்துவிட்டுப் போய், எதையோ மறந்து திரும்பி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் அவருடைய இறைச்சி மேசையில் தாம்பாளங்களில் பரவிக் கிடக்கிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது. பிரிட்ஜுக்குள்ளே இடம் இருக்கிறது. அவருடைய முகம் சுருங்கிப் போயிற்று.

“என்ன தங்கச்சி, எங்கட இறைச்சியை உள்ளுக்கு வைக்க மனமில்லையோ?”

இவள் சிரித்துக்கொண்டு ராத்தாவின் கையைப் பிடித்து இறைச்சியின் மேல் வைத்தாள். அறுத்த சூடு இன்னும் போகவில்லை. “சூட்டோட வைச்சா என்ர மருந்துக்குக் காய்ச்சல் வந்திடும் ராத்தா. ஆறட்டும்.” ராத்தா அந்த ஐஸ்கிறீம் பெட்டியை அன்றுதான் திறந்து பார்த்தார். அதற்குப் பிறகு, நாளில் பாதி மின்சாரம் இல்லாமல் நாடு கிடந்த காலத்தில், அவர் தம் மகனைக் கொண்டு மீன்வாடியிலிருந்து ஐஸ் எடுப்பித்து, கேட்காமலே எங்கள் வாசலில் வைப்பார். இவள் போத்தல்களைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாமல் வைத்துக் காப்பாற்றினாள். ஒரு போத்தல்கூடக் கெடவில்லை. அவளுடைய இருதயம்தான் ஒரு காலைப்பொழுதில் யாருக்கும் சொல்லாமல் நின்றுவிட்டது.

அவள் போன பிறகு வந்த ஹஜ்ஜுப் பெருநாளில் ராத்தா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. இறைச்சியைத் தாம்பாளத்தில் பரப்ப எனக்குத் தெரியாது. அவர் பின்னேரம் வந்தார், மூடிய பாத்திரங்களோடு.

“சூடு இல்லை, தம்பி. எங்கட வீட்டிலயே காத்தாடிக்குக் கீழ ஆறவிட்டுத்தான் கொண்டு வாறன். தொட்டுப் பாருங்கோ.”

தொட்டேன். குளிர்ந்துதான் இருந்தது. அவர் பிரிட்ஜைத் திறந்து விறுவிறென்று அடுக்கினார். கீழ்த்தட்டு நிறைந்தது. மேலே ஐஸ் உறையும் அறையும் நிறைந்தது. கடைசிப் பாத்திரத்துக்கு இடம் இல்லை. நடுத்தட்டில் அந்த வெறும் பெட்டி இருந்தது. ராத்தா அதைப் பார்த்தார். பிறகு பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“இதை நான் இண்டைக்கே ஆக்கிப் போடுறன்,” என்றார். “கதவைத் திறந்துகொண்டு நிண்டா தங்கச்சி ஏசுவா.”

அவர் போன பிறகு நான் மறுபடி பிரிட்ஜின் முன்னால் போய் நின்றேன். பிரிட்ஜைத் திறந்தேன். என்ன வேண்டுமென்று யோசிக்காமல்தான் திறந்தேன். குளிர் முகத்தில் வந்து பட்டது. பழையபடி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். குசினி பேசாமல் இருந்தது. அவள் ஒரே ஒரு தரம் ஏசினால் போதும் என்று இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு நானே கதவைச் சாத்தினேன். உள்ளே ராத்தாவின் இறைச்சி இருந்தது; அதற்குச் சூடேறக் கூடாது.