பச்சைப் பெயின்ட் பூசிய கார்புரேட்டர்

சாஸி சித்தப்பாவைப் பார்த்தால் என் அப்பா லரூசி முதலில் சலாம் சொல்ல மாட்டார். சித்தப்பாவுடைய வண்டியின் பானட்டைத் திறப்பார். உள்ளே பார்த்து ஒரு உறுமல், அதன் பிறகுதான் சலாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

இருவரிடமும் ஒரே மாதிரி 404 ரகப் பழைய பிக்கப் வண்டி, ஒரே வருடத்தில் வந்தது. என் வயதைப்போல் இரண்டு மடங்கு. எங்கள் ஊர் எல் ஜெம் பக்கம் ஆலிவ் மூட்டையும் ஆடும் ஏற்றிய வண்டிகள். இரண்டுக்கும் சேர்த்து உருப்படியான கார்புரேட்டர் ஒன்றுதான், ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் காயலான் கடையில் கூட்டாக வாங்கியது. அடையாளத்துக்கு அப்பா அதில் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். ஒரு வருடம் இவருக்கு, மறு வருடம் அவருக்கு. வண்டிகளுக்கான அரசாங்க வருடச் சோதனை வந்தால் மட்டும், புகை குறைவாகக் காட்ட, அது இரண்டு வண்டிக்கும் மாறி மாறிப் போகும்.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்; வேலை இல்லை. உபயோகமாக எதையாவது செய்வோமே என்று இரண்டு வண்டியின் சோதனைக்கும் இணையத்தில் நேரம் பதிந்தேன். ஒரே நாள். பத்து மணி, பத்தரை மணி.

"ரெண்டையும் ஒரே நாள்லயா போட்ட?" அப்பா தலையில் கைவைத்தார்.

"ஒரே அலைச்சல்ல முடியுமேன்னு..."

"நாலு வருஷ ஆலிவ் காசு உன் படிப்புல போச்சும்மா!"

தேதியை மாற்றினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். ஆலிவ் பறிப்பு தொடங்கிவிடும். போனோம். அப்பாவின் வண்டி தேறியது. உடனே சோதனை நிலைய மதிலுக்குப் பின்னால் ஓட்டிப்போய், அப்பாவும் சித்தப்பாவும் பச்சைக் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் எங்கடா?" என்றார் அப்பா.

"உன் பாக்கெட்ல பாரு."

"என் பாக்கெட்ல இருந்தா எனக்குத் தெரியாதா?"

அங்கேதான் இருந்தது. சூட்டில் அப்பாவின் இரண்டு விரல் கொப்பளித்தது.

சித்தப்பாவின் பானட்டைத் திறந்த அதிகாரி குனிந்தபடியே கேட்டார்: "பெரியவரே, இந்தப் பச்சையை இப்பத்தானே பாத்தேன்?"

"404 எல்லாத்துலயும் பச்சைதான் தம்பி," என்றார் அப்பா.

அதிகாரி மதிலைச் சுற்றி நடந்தார். அப்பாவின் வண்டி பானட்டைப் பிளந்துகொண்டு நின்றது. "அப்ப இதுல எங்க?"

சித்தப்பாவின் வண்டி தேறவில்லை; மறுசோதனை வரை ஒரு மாதம் ஓடாமல் படுத்தது. அப்பா பச்சையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சித்தப்பாவின் ஆலிவ் முழுவதையும் முதலில் செக்குக்குக் கொண்டுபோனார். எங்களுடையது மூட்டையிலேயே சூடேறி, எண்ணெய் புளித்துவிட்டது.

"என்னைக் கட்டினதுக்குப் பேசாம அந்த வண்டியவே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க," என்றாள் அம்மா. ஒரே நாளில் நேரம் பதிந்த தப்பு என்னுடையது. அதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அப்பா சித்தப்பாவிடம் சொன்னார்: "அடுத்த வருஷம் பச்சை உன்னோடது. பறிப்பு தொடங்கற அன்னிக்கு என் கையால மாட்டி விடறேன்டா."

மார்ச்சில் அப்பா இறந்துபோனார்.

இப்போது பறிப்பு தொடங்கிவிட்டது. சித்தப்பா கரும்புகை கக்கும் வண்டியில் வருகிறார், எங்கள் பானட்டைத் திறக்கிறார், உறுமுகிறார், மூடுகிறார்.

"எடுத்துக்கோங்களேன் சித்தப்பா!"

"மாட்டி விடறேன்னு சொன்னது அவன். நான் ஏன் கழட்டணும்?"

"அப்ப நான் கழட்டித் தரேன்."

"எந்த ஸ்பானர்னு தெரியுமா உனக்கு?"

"பன்னெண்டு."

தன் வண்டியில் ஏறிக்கொண்டார். "வாக்குக் குடுத்தது நீ இல்ல," என்று சொல்லிவிட்டுப் புகையோடு போய்விட்டார். பச்சை இன்னும் எங்கள் வண்டியில்தான் இருக்கிறது.