தங்கச்சி மேயரைத் தெரிவுசெய்த வியாழக்கிழமை

என் தங்கச்சிக்கு இங்கிலாந்தில் வாக்குரிமை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல். சந்தோசம் பிறகுதான் வந்தது. அவள் அங்கே போய் இரண்டு வருடம்கூட முடியவில்லை. கணவனையும் மகளையும் மன்னாரில் விட்டுவிட்டு, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்யும் விசாவில் தனியாகப் போனவள். அவளிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. நான் ரொறன்ரோவுக்கு வந்து பதினான்கு வருடம். மோர்னிங்சைட்டில் வீட்டு வரி கட்டுகிறேன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன், கொட்டுகிற பனியில் இந்த நகரத்தின் பிள்ளைகளை ஒரு கீறல் விழாமல் வீடு சேர்க்கிறேன். ஆனால் இந்த நகரத்து மேயரைத் தெரிவுசெய்ய எனக்கு உரிமை இல்லை. நான் இன்னும் கனடாக் குடியுரிமை எடுக்கவில்லை.

மேயர் தேர்தல் காலத்தில் எங்கள் கதவையும் தட்டுவார்கள். எல்லாம் நம்முடைய தமிழ்ப் பெடியள்தான். "அன்ரி, சிட்டிசனோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் கையில் தந்த துண்டுப் பிரசுரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான் ஒருவன். கடதாசியை மிச்சம் பிடிக்கிறானாம். அன்றைக்கு அவனை நான் சும்மா விட்டது அவனுடைய தாய் செய்த புண்ணியம்.

தங்கச்சியோடு பேச்செல்லாம் என் மதிய இடைவேளையில்தான் நடக்கும். காலை ஓட்டம் ஒன்பதரைக்கு முடிந்தால் அடுத்தது இரண்டரைக்கு. இடையில் பஸ்ஸைக் கொம்பனியின் யாட்டில் நிறுத்திவிட்டு, பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு அவளை அழைப்பேன். அங்கே நேரம் ஐந்து மணித்தியாலம் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவள்தான் தொடங்கினாள்.

"அக்கா, எனக்கொரு வோட் காட் வந்திருக்கு. மேயர் எலெக்சனாம். நானும் போய் வோட் போடலாமாம்."

"உங்கட ஊரில மேயரெண்டு சங்கிலி போட்டுக்கொண்டு ஒருத்தர் ஏற்கெனவே இருக்கிறார்தானே?"

"அது வேற. இது ஏழெட்டு ஊருக்கும் சேர்த்து ஒரு ஆள். இதுதான் முதல் தடவையாம். இஞ்சை என்னோட வேலை செய்யிற வெள்ளையளுக்கே உது என்னத்துக்கெண்டு தெரியேல்லை."

அவளோடு அதே இல்லத்தில் வேலை செய்து, ஒரே வீட்டில் கூட இருக்கும் கேரளத்துப் பெண், மாநகர சபையிலிருந்து வந்த படிவத்தில் எல்லோருடைய பெயரையும் நிரப்பி அனுப்பியிருக்கிறாள். நான் போனைத் தட்டித் தேடிப் பார்த்தேன். உண்மைதான். பொதுநலவாய நாடொன்றின் குடிமகள் அங்கே சட்டப்படி விசாவில் இருந்தால் வாக்களிக்கலாம். எங்களை அத்தனை காலம் ஆண்டவர்கள் மறந்துபோய் விட்டுவைத்த உரிமை அது. சரி, விட்டதை எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன்.

இன்னும் தேடினேன். புதிதாக வரப்போகும் அந்த மேயருடைய பெரிய வேலைகளில் ஒன்று பஸ். எந்த பஸ் எந்த வழியில் எத்தனை மணிவரை ஓடுவது என்பதில் அவருடைய சொல்லும் செல்லுமாம். எனக்கு நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்தது. தங்கச்சியின் ஊரில் கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு. பின்னேர வேலை எட்டுக்கு முடிந்தால் அவள் நடைபாதை இல்லாத தெருவில் ஐம்பது நிமிடம் நடந்து வீட்டுக்குப் போகிறாள். கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். வேட்பாளர்களில் ஒருத்தி பின்னேர பஸ்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று பிரசுரத்தில் எழுதியிருந்தாள்.

"அவவுக்குப் போடு" என்றேன்.

"ஐடி காட்டவேணுமாம் அக்கா. படம் போட்டது."

"பாஸ்போட்டைக் கொண்டு போ."

"அது என்னட்டை இருந்தால்தானே" என்றாள். அது எனக்கும் தெரியும். முதல் நாள் வேலைக்குப் போனபோது, பிரதி எடுக்க என்று மனேஜர் கடவுச்சீட்டை வாங்கினாள். பிறகு அது அலுவலகத்து மேசை லாச்சியிலேயே தங்கிவிட்டது. "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று சொன்னார்களாம். பூட்டிய லாச்சி. அந்தப் பூட்டின் திறப்பு மனேஜரிடம். தங்கச்சியைப்போல வெளிநாட்டிலிருந்து வந்த ஆறேழு பேருடையதும் அங்கேதான். அப்படி வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது என்று நான் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "என்ர விசா அவையின்ர கையில. வேலை போனா விசாவும் போகும். நான் என்ன சொல்லி அதைக் கேக்கிறது?"

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் வாக்களிப்பதற்கென்று இலவசச் சான்றிதழ் ஒன்று இருந்தது. ஒரு படத்தோடு விண்ணப்பித்தால் வீட்டுக்கே வரும். அன்று மதியமே அதை நான் வாசித்துவிட்டேன். கடைசித் திகதிக்கு மூன்று கிழமைக்கு மேல் கிடந்தது. நான் அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் அந்த லேசான வழியில் போய் வாக்கைப் போட்டுவிட்டு வருவாள். கடவுச்சீட்டு லாச்சிக்குள்ளேயே கிடக்கும். என்ன சொல்லிக் கேட்பது என்று இரண்டு வருடமாகத் தெரியாமல் இருந்தவளுக்கு இப்போதுதான் ஒரு காரணம் கையில் வந்திருக்கிறது. அதை நான் கெடுப்பேனா? அதேநேரம், வேலை போனால் போவது அவளுடைய வாழ்க்கை, என்னுடையது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தேர்தல் வந்த கிழமை, திங்களன்று, அவள் கடவுச்சீட்டைக் கேட்டாள். "பார்க்கிறேன்" என்றாளாம் மனேஜர். செவ்வாய், "இன்றைக்கு நேரமில்லை." புதன், "திறப்பு முதலாளியிடம் போய்விட்டது." அதோடு ஒரு சிரிப்பு: "நானே வாக்களிக்கப் போகவில்லை, உனக்கென்னத்துக்கு இந்த மேயர்?" இதைக் கேட்டதும் நான் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் இருத்துகிறவள் நான். அட்லாண்டிக்கைத் தாண்டிக் கத்தினால் அந்த மனுசிக்குக் கேட்காதே என்றுதான் கவலையாக இருந்தது.

தேர்தல் நாளான வியாழக்கிழமை அவளுக்குக் காலை வேலை. அங்கே ஐந்து மணிக்கு முடிந்தது. எனக்கு மதியம் பன்னிரண்டு. அழைத்தாள்.

"திறப்பு இன்னும் வரேல்லையாம். நான் வீட்டை போறன் அக்கா. விடு."

"எத்தனை மணிவரைக்கும் வோட் போடலாம்?"

"பத்து."

"ஐஞ்சு மணித்தியாலம் கிடக்கு. ஒப்பிஸ் வாசலில கதிரை இருக்கோ?"

"இருக்கு."

"அதில போய் இரு. சண்டை பிடிக்காதை, அழாதை. அந்த வோட் காட்டைக் கையில வைச்சுக்கொண்டு இரு. போற வாற ஆக்கள் ஆர் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு. அவ்வளவுதான்."

"என்னை வேலையால நிப்பாட்டினா?"

கண்ணாடிக்கு வெளியே யாட்டில் வரிசையாக நின்ற மஞ்சள் பஸ்களைப் பார்த்தேன். பயமாக இருந்தது. அவள் மகளின் முகம் வந்து போனது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கதிரையில இருந்ததுக்கு ஆரடி வேலையால நிப்பாட்டுவினம்? அப்பிடி நிப்பாட்டினா நான் பிளேன் ஏறி வந்து அதே கதிரையில இருப்பன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சரி, இருக்கிறன்" என்றாள்.

இரண்டரைக்கு நான் ஓட்டத்தைத் தொடங்கினேன். ஓட்டத்தில் போனைத் தொடக்கூடாது. தொட்டால் லைசன்ஸ் போகும். போனைப் போட்ட கைப்பையைச் சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மூன்று மணி பத்துக்கு அது அதிர்ந்தது. பஸ் நிறையப் பிள்ளைகள், முன்னுக்கு ஒருத்தி தன் பல் ஆடுவதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை அதிர்ந்தபோது நான் கடவையில் பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் போட்டு நிறுத்தி, பிள்ளைகள் தெருவைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கார்க்காரன் நிற்காமல் போகப் பார்த்தான். அவனுக்கு நான் அடித்த ஹோர்னில் பாதி அந்த மனேஜருக்கு. நாலு மணிக்கு மூன்றாவது தடவை. அங்கே ஒன்பது. வேலையால் நிப்பாட்டிவிட்டார்கள் என்றே முடிவெடுத்துவிட்டேன். நான் செய்த வேலையால் அவள் வாழ்க்கை கெட்டது என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் கடைசிப் பிள்ளை வீட்டுக் கதவுக்குள் போகும்வரை காத்திருந்துதான் பஸ்ஸை எடுத்தேன்.

யாட்டுக்கு வந்ததும் போனை எடுக்க முடியாது. பஸ்ஸை நிறுத்தினால் அலாரம் அடிக்கும். எந்தப் பிள்ளையாவது நித்திரையாகிக் கிடக்கிறதா என்று ஒவ்வொரு சீற்றாகப் பார்த்துக்கொண்டு பின்னுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். அன்றைக்குப் போல அந்தப் பஸ் நீளமாக இருந்ததில்லை. நாலு நாற்பதுக்கு அவளை அழைத்தேன்.

"போட்டிட்டன் அக்கா."

கடைசிச் சீற்றில் பொத்தென்று உட்கார்ந்தேன். நான் அழுதேன் என்பதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் சொன்னது இதுதான். வாசலில் இருந்தவளைப் பார்த்து, இல்லத்தில் இருக்கும் தாயைப் பார்க்க வந்த மகன் ஒருவர் "உனக்குச் சுகமில்லையா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை. என் கடவுச்சீட்டுக்காகக் காத்திருக்கிறேன். வாக்களிக்க வேண்டும்" என்றாள். "அது ஏன் இவர்களிடம் இருக்கிறது?" என்று அவர் கேட்டார். "பூட்டி வைத்திருக்கிறார்கள்" என்றாள். அவர் உள்ளே போனார். பிறகு ஒரு பெண் கேட்டாள். அதே பதில். அதன்பிறகு ஒரு கணவனும் மனைவியும். அந்த மனைவி குரலை உயர்த்தி, "அவளுடைய கடவுச்சீட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். முதலாளியிடம் போன திறப்பு பத்து நிமிடத்தில் மனேஜரின் சட்டைப்பைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

ஐம்பது நிமிடம் நடந்து, தேவாலய மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். உள்ளே இரண்டு அலுவலர்களும் ஒரு நாயும்தானாம். வாக்குச் சீட்டில் பென்சிலால் ஒரு புள்ளடி. வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்ததாம்.

அடுத்த நாள் மதியம் திரும்பப் பேசினோம். முடிவு வந்திருந்தது. பஸ் விடுவேன் என்ற பெண் மூன்றாவதாக வந்தாள். வேலை போகவில்லை. ஆனால் அடுத்த மாத அட்டவணையில் எல்லா ஞாயிறும் தங்கச்சிக்கு வேலை போட்டிருந்தார்கள், அவள் தேவாலயத்துப் பூசைக்குப் போகிறவள் என்று தெரிந்துகொண்டே. காலையில் கேரளத்துப் பெண்ணும் போய்த் தன்னுடைய கடவுச்சீட்டைக் கேட்டாளாம். அவளுக்கு உடனே கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த ஞாயிறுகள் உறுத்தின. சொல்லிவிடுவோம் என்று, மறைத்து வைத்த சான்றிதழ் விசயத்தைச் சொன்னேன். "தெரிஞ்சுகொண்டும் சொல்லாமல் விட்டிட்டன். கோவமெண்டால் ஏசு."

அவள் சிரித்தாள்.

"அது வோட் காட்டின்ர பின்பக்கத்திலயே எழுதிக் கிடந்தது அக்கா. வந்த அண்டைக்கே வாசிச்சனான்."

"பேந்து ஏன் நீ அதுக்கு எழுதிப் போடேல்லை?"

"எழுதிப் போட்டிருந்தால் பாஸ்போட் எங்க கிடந்திருக்கும்?"

இத்தனை நாளும், அவளைத் தள்ளுவது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, உன்னட்டை ஒண்டு கேக்கிறன்" என்றாள். "உன்ர சிட்டிசன்சிப் போம் எங்க கிடக்கு?"

அந்த விண்ணப்பம் தையல் மெசின் லாச்சிக்குள் மூன்று வருடமாகக் கிடக்கிறது. பரீட்சையில் இந்த நாட்டுச் சரித்திரம் கேட்பார்கள், தோற்றுப்போனால் மகன் சிரிப்பான் என்ற பயம். இதை வேறு எவருக்கும் நான் சொன்னதில்லை. அவளுக்கு மட்டும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.

"லாச்சிக்குள்ள" என்றேன்.

"திறப்பு ஆரிட்டை?"

எனக்கு வந்த கோபத்தில் பட்டென்று போனை வைத்துவிட்டேன். பிற்பகல் ஓட்டம் முழுக்க அந்தக் கோபம் இருந்தது. வீட்டுக்குப் போய், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அந்த லாச்சியை இழுத்தேன். அது பூட்டியிருக்கவில்லை.