கோலியாக்: கடல் விலகும் நேரம் பார்த்து ஒரு பயணம்

2006 அக்டோபர், தசரா விடுமுறை. பௌர்ணமியன்று குஜராத் கடற்கரையில் உள்ள பாவ்நகரில் இருக்கும்படி கணக்குப் பார்த்து டிக்கெட் எடுத்தோம். காரணம் என் மனைவி மல்லிகா. டில்லியில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேலாக, கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கடல் ஓதம் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அவள் பார்த்ததும் மெரினா மட்டும்தான். அங்கே ஓதத்தால் தண்ணீர் ஏறி இறங்குவது மூன்று அடி இருந்தால் அதிகம். அலையின் ஆட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

நவம்பரில் அவளுக்கு மூட்டு ஆபரேஷன். "அதுக்கு முன்னாடி கடல் விலகுறதை ஒரு தடவை பார்த்துடணும். உள்ள நடந்தே போகணும்" என்றாள். டாக்டரிடம் கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று இருவருக்குமே தெரியும்.

நாங்கள் குடியிருந்த கரோல் பாக்குக்கு மெட்ரோ வந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். ராஜீவ் சௌக்கில் மாறி, சாந்தினி சௌக்கில் இறங்கி, பழைய டில்லி ஸ்டேஷனுக்கு நடந்தோம். மதியம் ஏறினால் மறுநாள் காலை அகமதாபாத். அங்கிருந்து பாவ்நகருக்கு பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பஸ்ஸில் என் நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன். நிலா இழுக்கிற பக்கம் தண்ணீர் ஏறுகிறது, சரி. பூமியின் மறுபக்கத்திலும் ஏன் ஏறுகிறது?

"நம்ம கடைத்தெரு அஜ்மல் கான் ரோட்டுல மூணு பேர் வரிசையாப் போறோம். முன்னாடி போறவ கடையைப் பார்த்து ஜல்தியா போறா. நடுவுல நான் சுமாரா. கடைசியில நீங்க, எப்பவும் போல மெதுவா. இப்ப என்ன ஆகும்?"

"எனக்கும் உனக்கும் நடுவுல இடைவெளி விழும்."

"எனக்கும் முன்னாடி போறவளுக்கும் நடுவுலயும் விழும். முன்னாடி போறது நிலாப் பக்கத்துத் தண்ணி, நான் பூமி, நீங்க மறுபக்கத்துத் தண்ணி. கிட்ட இருக்கிறதை நிலா அதிகமா இழுக்கும், தூரத்துல இருக்கிறதைக் குறைவா. அதான் ரெண்டு பக்கமும் மேடு."

பூமி சுழலும்போது ஒவ்வொரு கரையும் அந்த இரண்டு மேடுகளையும் கடக்கிறது. அதனால் பெரும்பாலான கரைகளில் தினம் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். பாவ்நகரை ஒட்டிய காம்பே வளைகுடா, எண்ணெய் ஊற்றும் புனல் போல் குறுகிக்கொண்டே போவதால், உள்ளே நுழைந்த தண்ணீருக்கு உயர்வதைத் தவிர வழியில்லை. முப்பது அடிக்கு மேல்கூட ஏறும்.

பௌர்ணமி காலை ஆட்டோவில் கோலியாக் போனோம். சுமார் 25 கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கூட்டிவர 300 ரூபாய். டிரைவர் பரத்பாய் ஹிந்தியில் எச்சரித்தார்: "சகோதரி, பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே இருக்காதீர்கள். தண்ணீர் போகும்போது மெதுவாகப் போகும். வரும்போது அப்படி வராது."

எட்டு மணிக்குக் கரையில் நின்றால் எதிரே வெறும் கடல். நடுவில் ஒரு கொடிமரம். ஒன்பதரைக்குள் கொடிமரத்தின் அடியில் ஒரு கல்மேடை எழுந்திருந்தது. அதுதான் சிவன் கோயில். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அதுவரை சேறும் பாறையும். ஜனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மல்லிகா என் தோளைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தாள்.

சற்று முன் கடலுக்கடியில் இருந்த ஐந்து லிங்கங்கள் ஈரம் சொட்ட நின்றன. கும்பிட்ட பிறகும் அவள் கிளம்பவில்லை. மேடைக்கு அப்பால், தண்ணீரின் ஓரமாக ஊதுபத்திக் குச்சி ஒன்றைச் சேற்றில் நட்டாள். தண்ணீர் குச்சியை விட்டு விலகிப் போனது. பிறகு அசையாமல் நின்றது.

"போலாமா?"

"தண்ணி இன்னும் திரும்பலைங்க."

கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் குச்சியின் அடி நனைந்தபோது, "திரும்பிடுச்சு!" என்று கத்தினாள்.

பாதி வழியில் அவள் முழங்கால் பிடித்துக்கொண்டது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. பின்னால் இருக்கிறது என்று நாங்கள் நினைத்த தண்ணீர், பக்கவாட்டுப் பள்ளங்கள் வழியாக எங்களை முந்திக்கொண்டு போனது. கணுக்கால் நனைந்தது, பிறகு ஆடுசதை. நான் போட்ட சத்தத்தில் முன்னால் போன பெண்கள் இருவர், சூரத்துக்காரர்களாம், திரும்பி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் அவள் அக்குளில் கைகொடுத்து, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே கரை சேர்த்தார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

கரையில் உட்கார்ந்ததும் திட்ட வாயெடுத்தேன்.

"கோவமாங்க?"

"பயம்."

"எனக்கும்தான்" என்றவள் சிரித்துவிட்டாள். "இவ்வளவு வேகமா வரும்னு நான் ஒரு கிளாஸ்லகூட சொன்னதில்லை."

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிப் போங்கள். அன்றைய இறக்க நேரத்தை உள்ளூரில் கேளுங்கள். கூட்டம் திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள். கால் வலி உள்ளவர்கள் கரையிலிருந்தே பார்க்கலாம். குறை ஒன்றும் இல்லை.

நாங்கள் மறுநாள் அப்படித்தான் பார்த்தோம். நிலா தினமும் சுமார் ஐம்பது நிமிடம் பிந்துவதால் ஓதமும் பிந்தும். முதல் நாள் எட்டரைக்கு ஒரு பாறை தலைகாட்டியதை மல்லிகா கவனித்து வைத்திருந்தாள். இன்று ஒன்பது இருபதுக்கு என்றாள். வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு காத்திருந்தோம். பாறை வெளியே வந்தது. அவள் என் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம் லேட்" என்றாள். "பரவால்ல, பாஸ் போட்டுடலாம்."