வாங்க வாங்க, சாப்பிட்டாச்சா

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. இரவல் வாங்கிய இரண்டு ஒலிபெருக்கிகளோடு மைக்செட் தொழிலுக்கு வந்து, மூன்று லாரி நிறையச் சாமான் சேர்த்தவன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கடை பிடித்தேன். ஈசூனில் ஐந்தறை வீடு வாங்கினேன். மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். எந்தக் கல்யாண மண்டபத்தில் எந்த மூலை எதிரொலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யாரும் கைதூக்கிவிட்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு பாட்டு விஷயத்தில் கோட்டை விட்டேன்.

மைக்கைச் சோதிக்க மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். எனக்கு அது போதாது. 'ச' சொன்னால் சீறுகிறதா, 'ப' சொன்னால் வெடிக்கிறதா என்று தெரிய வேண்டும். அதனால் மைக்கின் தலையில் மூன்று தட்டு தட்டி, "வாங்க வாங்க, சாப்பிட்டாச்சா? பந்தி பந்தி, பாத்து பாத்து!" என்று இழுத்துச் சொல்வேன். என் பழக்கம் அது, யாரிடமும் கற்றதில்லை.

காத்தோங்கில் ஒரு கல்யாணத்துக்கு முன் நான் அப்படிச் சொன்னதை மகள் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டாள். வீட்டில் தன் அறையில் உட்கார்ந்து, கணினியில் அதை வெட்டி ஒட்டி, அடியில் தாளம் கொடுத்து, மேலே தன் குரலில் பாடி, ஆட்டப் பாட்டாக்கிவிட்டாள்.

"அப்பா, யார் யார் என்ன செஞ்சாங்கன்னு கிரெடிட்ஸ்ல போடணும். உங்க பேரப் போடவா?"

"வேணாம். கோயில் கமிட்டில இருக்கிறவன் நான். குலுக்கு ஆட்டத்துக்கெல்லாம் என் பேரா? மானம் போயிடும்."

"அப்புறம் கேட்கக்கூடாது லா."

"கேட்க மாட்டேன், போ."

அவள் முகம் சுருங்கியது. நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. தேக்கா சந்தையில் கறி வெட்டுகிறவர் முணுமுணுத்தார். எம்ஆர்டி ரயிலில் சீனப் பிள்ளைகள் "சாப்பிட்டாச்சா" என்று தோளைக் குலுக்கினார்கள். எங்கள் கமிட்டித் தலைவரே தன் மகன் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். வானொலியில் மகளிடம் அந்தக் குரல் யாருடையது என்று கேட்டார்கள். "சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாரு" என்றாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

போன மாதம் புக்கிட் மேராவில் ஒரு கல்யாணம். என் ஒலிபெருக்கியில்தான் அந்தப் பாட்டு ஓடியது. மாப்பிள்ளையின் நண்பர்களிடம், "அது என் குரல்பா" என்றேன்.

"அங்கிள், நீங்களுமா? எங்க மாமாவும் அதையேதான் சொல்றாரு லா!"

விடவில்லை. மைக்கை எடுத்துத் தட்டி, அப்படியே சொல்லிக் காட்டினேன். கைதட்டினார்கள்.

"சூப்பர் அங்கிள்! அச்சு அசலா அதே மாதிரி பண்றீங்க!"

என் குரலுக்கே நான் மிமிக்ரிக்காரன் ஆகிவிட்டேன். அதைக்கூடத் தாங்கலாம். மகள் ஆசையாக நீட்டியதைத் தட்டிவிட்டேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் பாட்டைக் குலுக்கு ஆட்டம் என்றவன் நான். நன்றாக இருக்கிறது என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகளே, இப்போது சொல்கிறேன், எல்லாரும் படிக்கட்டும். பாட்டு நன்றாக இருக்கிறது. அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தட்டும் அந்தக் குரலும் என்னுடையவை. அடையாள அட்டையில் இருப்பதுபோல் என் முழுப்பேரையும், என் அப்பா பேரோடு சேர்த்து, உன் பேருக்குப் பக்கத்தில் போடு.