மஞ்சள் கொட்டிய வெள்ளை இருக்கை

தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது மகள் அழைத்தாள். "அம்மா, அத்தை போயிட்டாங்க. தூக்கத்திலேயே" என்றாள். அவள் அத்தை என்றது என் அண்ணன் மனைவி மல்லிகா அவர்களை. கீரைக்கட்டை அங்கேயே வைத்துவிட்டு, கிளமெண்டியில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணி உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். மீன்குழம்பும் சாம்பாரும் தினமும் கொதிக்கும் வீட்டில் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் வெள்ளையிலேயே வாங்கிப் போட்டவர். அண்ணன் புலம்பித் தீர்த்தார். "கறுப்புல வாங்கினா அழுக்கு இருக்கிறதே தெரியாதுங்க. தெரியாத அழுக்கோட என்னால குடும்பம் நடத்த முடியாது" என்று அண்ணி முடித்துவிட்டார். அங்கே விருந்துக்குப் போனால் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவோம். அவரோ எது சிந்தினாலும் முகம் சுளிக்க மாட்டார். சூடான கோப்பை பதித்த வளையம், பிள்ளைகளின் மார்க்கர் கிறுக்கல், எண்ணெய்க் கை பட்ட இடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம் வைத்திருந்தார். ஈரத்துணியால் துடைத்த கையோடு உலர்ந்த துணியாலும் துடைப்பார். "சோப்பு அதிகமானா கறை போயிடும், கோடு நின்னுடும்" என்பார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் காலமான பிறகு அண்ணி ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். கல்யாண வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வார். மணமேடைமேல் மட்டும் ஏற மாட்டார். "யாராச்சும் ஒருத்தர் மனசுல சுருக்குன்னு பட்டாலும் பொண்ணு மாப்பிள்ளைக்கு நல்லதில்ல" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போய்விடுவார். அத்தனை பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் இப்படிச் செய்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

சென்ற ஆண்டு காத்தோங்கில் ஒரு மண்டபத்தில் என் மகளுக்குத் திருமணம். மணமக்கள் அமர, வெள்ளைச் சாயம் பூசிய மர இருக்கை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். முகூர்த்தத்துக்குச் சற்று முன் யார் கையிலோ இருந்த மஞ்சள் நீர் தளும்பி அதன்மேல் கொட்டிவிட்டது. என் கணவர் பெரிய கெட்டிக்காரராகச் சலவைத்தூளைக் கரைத்துவந்து தேய்த்தார். மஞ்சள் சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இருக்கை முழுதும் செக்கச்செவேல் என்று கோடுகள் படர்ந்தன.

மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்து வெலவெலத்துப் போனார். ரத்தம் மாதிரி இருக்கிறதே, இன்றைக்குத் தாலி கட்ட வேண்டாம், வேறு நாள் பார்ப்போம் என்றார். இருக்கையை மாற்றிவிடுகிறோம் என்றோம். சகுனத்தை எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்டார். மகளோ அலங்காரத்தோடு உள்ளே காத்திருந்தாள்.

பந்திக் கூடத்திலிருந்து அண்ணியை இழுத்துவந்தேன். மேடைக்குக் கீழே தயங்கி நின்றார். "என்ன போட்டுத் தேய்ச்சீங்க அண்ணே?" என்று என் கணவரிடம் கேட்டார். பதிலைக் கேட்டதும் தட்டிலிருந்த ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேடையேறினார். நகத்தால் கீறிப் பிழிந்து, துணியால் ஓர் இழுப்பு இழுத்தார். எல்லார் கண்ணெதிரிலும் சிவப்பு மறைந்து பளிச்சென்று மஞ்சள் வந்தது. இதை எழுதும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல லா. மஞ்சள்தான்" என்றார் சம்பந்தியிடம். "சோப்பு பட்டா சிவக்கும், புளிப்பு பட்டா பழையபடி ஆயிடும். மங்களமா மஞ்சள்மேலயே உட்காரட்டும்."

சொல்லிவிட்டு இறங்கப் போனவரின் கையைச் சம்பந்தி பிடித்துக்கொண்டார். "இறங்காதீங்க அக்கா. தாலி கட்டற வரைக்கும் பிள்ளைங்க பக்கத்துலயே நில்லுங்க."

அண்ணி தலையை அசைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

விருந்து முடிந்ததும் இருக்கையை மண்டபத்தின் பின்புறம் வெயிலில் போடச் சொன்னார். மீதி மஞ்சளை வெயில் எடுத்துவிடும் என்றார், மாலைக்குள் எடுத்தும்விட்டது. நான் தேடிப் போனபோது பட்டுப்புடவையோடு அதன் பக்கத்தில் நின்றிருந்தார். தாலி கட்டும்போது எல்லாரும் தூவிய அட்சதை அவர் தலைமுடியில் ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கையை நீட்டினேன். மெல்ல என் கையை விலக்கி, "இருக்கட்டும்" என்றார். ஒரு பொட்டுக் கறையையும் விட்டுவைக்காதவர், அந்த மஞ்சள் அரிசியை வீடு வரைக்கும் தலையில் வைத்துக்கொண்டே போனார்.

அப்படியே போய் வாருங்கள், அண்ணி.